மகள் வாயில் அப்பாவின் பேச்சு

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததுமே மகள் கைப்பையைக் கீழே வைத்தாள். வீட்டு வேலை எதையும் தொடாத மனிதர் அவர். இஸ்திரிப் பெட்டியை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். அதையும் நாலு பேர் நடுவில் நிற்க வேண்டிய நாளில்தான் எடுப்பார்.

“எங்கப்பா கிளம்பறீங்க?”

“உன் ஆபீசுக்குத்தான்.”

“என் ஆபீசுக்கா?”

“நகர மன்றத்துல இன்னிக்குக் கூட்டம். குடியிருக்கிறவங்க யார் வேணா வந்து பேசலாம்னு நீதானே போட்டிருந்த, உங்க செய்தித்தாள்ல? பேர் குடுத்துட்டேன்.” காலரின் மடிப்பை ஓங்கி அழுத்தினார். “அந்த அறையை மூடணும்னு பேசப் போறேன்.”

அந்த அறை மேல் அவருக்கு என்ன கோபம் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி ஒரு மாதம் ஆகிவிட்டது. ‘பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்’ என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அண்ணி போனது நூலகத்தின் கீழ்த்தளத்தில் நகராட்சி நடத்தும் தகவல் அறைக்கு. அங்கே இருந்தவர்கள் அன்றைக்கே அவளை, முகவரி வெளியே தெரியாத ஒரு பாதுகாப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து, அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் நகராது என்று பேர் வாங்கியவர் அப்பா. அவர் வீட்டு மருமகள் அவரைக் கேட்காமல் வாசலைத் தாண்டியது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அண்ணி போனதற்குக் காரணம் அண்ணனின் கை. அதுவும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கு அந்த வீட்டில் மானம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்த அறையைப் பற்றி அண்ணிக்குச் சொன்னது அவர் மகள்.

நகராட்சி வாராவாரம் வெளியிடும் குடியிருப்போர் செய்தித்தாளில் தமிழ்ப் பக்கம் அவள் பொறுப்பு. குப்பை வண்டி வரும் கிழமை மாறினால் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி எங்கே, வீட்டுக்காரர் பூட்டைப் போட்டால் எந்த வக்கீல் இலவசமாகப் பேசுவார் என்று எல்லாம் சொல்ல வேண்டும். ஊரில் எத்தனை மொழி பேசுகிறார்களோ அத்தனையிலும் அது அச்சாகி, சலவைக் கடையிலும் லிஃப்டுக்குள்ளும் ஒட்டப்படும். ஒரு நாள் மாலை, பிழை பார்க்கிற சாக்கில், பாதுகாப்பு இல்லம் பற்றிய செய்தியை அவள் அடுக்களையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பவில்லை. குழாயை மட்டும் மூடினாள், நன்றாகக் காதில் விழுவதற்காக.

இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று நகர மன்றம் அந்த அறை மேலேயே கை வைக்கப் பார்க்கிறது. மூடலாமா வேண்டாமா என்று மக்களைக் கேட்கும் கூட்டம்தான் இன்றைக்கு.

“அப்பா, கூட்டத்துல தமிழ்ல பேசறவங்களுக்கு மொழிபெயர்க்கறது நான்.”

“தெரியும். அதனாலதான் தெம்பாப் போறேன். என் பாட்டுக்கு நான் சொல்றேன், நீ பாத்துப் பக்குவமா சொல்லிடு.”

“பக்குவமால்லாம் சொல்லக் கூடாதுப்பா. நீங்க சொன்னதைச் சொன்னபடி சொல்லணும். சத்தியம் பண்ணிக் குடுத்துதான் இந்த வேலையில சேர்ந்திருக்கேன்.”

“யாருக்கு?”

“நகராட்சிக்கு.”

“பெத்த அப்பனை விட நகராட்சி பெரிசா?” என்று சிரித்துக்கொண்டே சட்டையை உதறினார். இஸ்திரி சூடு முகத்தில் அடித்தது.

அவர் மேலும் தப்பில்லை. டிப்போவில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். மீதிப் பேரோடு பேச, பிழைக்க வந்த ஊரின் மொழி கற்காத அவருக்கு எண்களும் விசிலும் போதுமாக இருந்தன. மற்றபடி பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் மகள்தான் அவருக்கு வாய். அரைப் பாவாடை கட்டின வயசிலிருந்தே அப்படித்தான்.

“இந்த டாக்டருக்கு மண்டையில ஒண்ணும் கிடையாது. படிச்ச சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லு” என்பார் அப்பா.

‘இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா என்று அப்பா கேட்கிறார்’ என்று ஊர்மொழியில் சொல்வாள் சிறுமி.

டாக்டர் எழுந்து நின்று கை கொடுப்பார். அப்பாவும் நெஞ்சை நிமிர்த்திக் கை கொடுப்பார். “பாத்தியா? கறாரா நாலு வார்த்தை கேட்டாத்தான் மரியாதை குடுக்கறான்” என்பார் வெளியே வந்ததும். ஊர்மொழி பேசுகிறவர்கள் அத்தனை பேர் மனதிலும் அவர் ஒரு கண்ணியவான். அந்தக் கண்ணியவானை வார்த்தை வார்த்தையாகக் கட்டி எழுப்பியவள் அவள். அது அவருக்குத் தெரியவே தெரியாது.

*

அலுவலகத்தில் மேலாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிரசவ வார்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த நேரத்தில் அவரைக் கூப்பிட முடியாது. பேசுகிறவர் உன் அப்பா என்று மன்றத் தலைவரிடம் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நீயே உட்கார். சமாளிப்பாயா?”

“சமாளிப்பேன்” என்றாள்.

‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டு ரத்தத்தில் அந்தச் சொல் கிடையாது. வளைந்து கொடுக்காத முதுகு அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அண்ணனுக்கு வந்தது கோபம் மட்டும்.

மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. வளைந்த மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள், எதிரே ஒரு மைக், அதன் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாற்காலி. பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க இடமில்லை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பூசி மெழுகக் கூடாது.

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், அந்த அறை இல்லையென்றால் தன் மூத்தவனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்திருக்காது என்றாள். ஒரு ஹோட்டல் சமையல்காரர், முதலாளி பிடுங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டை அங்கே இருந்த வக்கீல்தான் மீட்டுக் கொடுத்தார் என்று வேறொரு மொழியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அப்பா எழுந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாமல், கத்தி போல நடந்து வந்தார்.

மூன்றாம் வரிசையில் அவர்கள் குடியிருப்புக்காரர்கள் நாலைந்து பேர். கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்தபடி, அண்ணன். அவனை இங்கே அவள் எதிர்பார்க்கவில்லை.

“வணக்கம். இந்த ஊர் பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு அனுப்பி வச்சவன் நான்” என்று தொடங்கினார்.

அவள் சொன்னாள். உறுப்பினர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

“அந்த அறையை மூடணும். ஒரு குடும்பம்னா நாலு வார்த்தை முன்ன பின்ன இருக்கும். பெரியவங்க உக்காந்து பேசித் தீர்த்து வைப்பாங்க. இவங்க என்ன பண்றாங்க? கோவத்துல வாசல்ல வந்து நிக்கிற பொண்ணை உள்ள கூப்பிட்டு, பின்வாசல் வழியா அனுப்பிடறாங்க. பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்றது கிடையாது.”

அதையும் சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. கேட்க நன்றாகக்கூட இருந்தது. தலைவர் அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

அப்பாவுக்குச் சூடு பிடித்தது.

“இந்த மேசையில உக்காந்திருக்கிறவங்களுக்கு அவங்கவங்க வீட்டைப் பாக்க வக்கில்லை. ஊரான் வீட்டு அடுப்பை எட்டிப் பாக்க வந்துட்டாங்க.”

மகளின் நாக்கு தன்பாட்டில் பழைய வழிக்குத் திரும்பியது. ‘உறுப்பினர்களின் அக்கறையை மதிக்கிறேன், இருந்தாலும்...’ என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக் கொட்டினாள்.

ஒரு உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொருவர் முகம் சிவந்தது. பின்வரிசையில் யாரோ ‘அடேயப்பா’ என்பது போல வாயைக் குவித்தார்கள்.

அப்பா அந்த முகங்களைப் பார்த்தார். அவர் பேச்சுக்கு இந்த ஊரில் எந்த முகமும் இதுவரை அப்படிக் கோணியதில்லை.

“என்ன சொன்ன நீ?” என்றார் அடிக்குரலில்.

“நீங்க சொன்னதைத்தான்பா.”

“அப்படியேவா?”

“அப்படியே.”

மைக்குக்கு முன்னால் பேசியது எதுவானாலும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தக் கேள்வி பதிலையும் ஊர்மொழியில் சொன்னாள். கூடம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அப்பாவின் காது மடல் கன்றிப் போனது. அவர் வாழ்நாளில் அவரைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்ததில்லை.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க!” குரல் உயர்ந்தது. “என் வீட்டு மருமகளைத்தான் கொண்டு போய் வச்சிருக்காங்க!”

மூன்றாம் வரிசை திடுக்கிட்டு அண்ணன் பக்கம் திரும்பியது. பிறந்த வீட்டுக் கதை அந்த நொடியில் உடைந்து போனது. அது அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடைந்ததை ஒட்ட வைக்கிற அவசரத்தில் மேலே போனார்.

“என் வீட்டுல ஒரு குறையும் கிடையாது. அவ மேல யாரும் ஒரு விரல்கூட வச்சதில்லை. நான் அந்த வீட்டுலயே இருக்கிறவன். என் கண்ணால பாத்துச் சொல்றேன்.”

நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அவள் முறை.

மருமகளைப் பற்றிச் சொன்னதைச் சொன்னாள். குறை இல்லை என்றதையும் சொன்னாள். ‘அவள் மேல் யாரும்’ என்று ஊர்மொழியில் தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை.

அன்றைக்கு அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் அறைந்ததில் அண்ணியின் தலை அலமாரியில் மோதியது. அண்ணியின் வாண்டு கையில் கரண்டியோடு அழக்கூடத் தோன்றாமல் நின்றது. அப்பா கூடத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். தாள் தாழவில்லை. வெகுநேரம் பக்கமும் திரும்பவில்லை.

இப்போது அவள், அவளே, ‘நான் அந்த வீட்டில் இருக்கிறேன், என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஊரறியச் சொல்ல வேண்டும்.

“சொல்லும்மா” என்றார் அப்பா.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

“தலைவர் அவர்களே, இதற்கு மேல் என்னால் மொழிபெயர்க்க முடியாது. பேசுபவர் என் தந்தை. நான் விலகிக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். பொய் என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்ட உறுப்பினருக்கும், “என் தந்தை என்பதுதான் காரணம்” என்று மட்டும் பதில் சொன்னாள். பேசாமல் விட்ட இடத்தில் அப்பாவின் மானத்தை அவளால் முடிந்தவரை மூடிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மன்றத் தலைவர் யாரிடமோ குனிந்து பேசினார். கொஞ்ச நேரத்தில் கூடத்து ஒலிபெருக்கிகளில் ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது. தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கிறவள்.

“வணக்கம் ஐயா. கடைசியாச் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லுங்க. நீங்க சொல்றதை அப்படியே நான் சொல்லிடுவேன்.”

வீட்டிலிருந்து பேசுகிறாள் போலிருக்கிறது. அவள் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்குவது கூடமெங்கும் பெரிதாகக் கேட்டது.

அப்பா ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். மகள் தலை குனியாமல், இரண்டு கையையும் மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள். ஆத்திரத்தில் ஒரு முறை சொன்னதை, ஆறிய வாயால், அந்த முகத்துக்கு நேரே இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

“ஐயா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

தொண்டையைச் செருமினார். சட்டையின் முன்பக்கத்தை ஒரு தரம் இழுத்து விட்டுக்கொண்டார்.

“என் பொண்ணு எது வரைக்கும் சொன்னாளோ, அது வரைக்கும்தான் நான் சொன்னது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை.”

எங்கோ இருக்கும் அந்தப் பெண், ‘என் மகள் எது வரை சொன்னாளோ’ என்று ஊர்மொழியில் திருத்தமாகச் சொன்னாள். அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. வந்த மாதிரியே, கத்தி போல, வாசலைப் பார்த்து நடந்தார்.

*

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

மகள் வெளியே வந்தபோது அண்ணன் படிக்கட்டில் காத்திருந்தான்.

“திருப்தியா? ஊர் முன்னாடி அப்பாவை நிக்க வச்சு மானத்தை வாங்கிட்ட.”

“நான் ஒண்ணும் சொல்லலையேண்ணா.”

“அதான் பாத்தேனே. நீ வாயை மூடினதுலயே எல்லாம் புரிஞ்சு போச்சு அவங்களுக்கு.” ஒரு படி இறங்கி வந்தான். “எனக்கும் ஒண்ணு புரிஞ்சுது. அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். தெரியும்தானே?”

‘தெரியாது’ என்ற ஒரே சொல் போதும். அந்த இல்லத்தில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தச் சொல்தான் கதவு. ஆனால் காலையிலிருந்து ‘நான்’ ‘நான்’ என்று பேசித் தேய்ந்த நாக்கு, வேண்டிய நேரத்தில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“சொல்லுடி.”

“அவளுக்குத் தெரியாதுடா.”

அப்பா. தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் கேட்டேன். தெரியாதுன்னுட்டா. என் பொண்ணு என்கிட்ட பொய் சொல்ல மாட்டா.”

அவர் கேட்கவே இல்லை. ஒரு மாதமாக அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சரி, காருல ஏறுங்க. போலாம்.”

“நீ போ. நாங்க பஸ்ல வரோம்.”

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அப்பா, பக்கத்தில் மகள். வெளியே கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“வாண்டு ராத்திரில எழுந்து அழறாளா?”

மகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப இல்லப்பா.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒவ்வொரு வாரமும் இதே நாளில் அண்ணியைப் பார்க்க அவள் இறங்கும் நிறுத்தம் அடுத்து வந்தது. எழப் போனவள், பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அண்ணனின் கார் இரண்டு வண்டி தள்ளி வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றபோது அதுவும் நின்றது. யாரோ இறங்கினார்கள். பஸ் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது.

“இங்கதானா?” என்றார் அப்பா.

அவள் பின்கண்ணாடியையே பார்த்தாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பிறகு எழுந்து மணியை அடித்தார்.

“எங்கப்பா?”

“நீ உக்காரு. கடைசி ஸ்டாப் வரைக்கும் இறங்காத.” கம்பியைப் பிடித்தபடி நின்றார். “அன்னிக்கு நான் எழுந்திரிச்சிருக்கணும்.”

“அப்பா, வேண்டாம்ப்பா. அவன் கோவத்துல இருக்கான்.”

“அவனுக்கு அப்பன் நான்.”

கதவு திறந்தது. இறங்கினார். மகள் கடைசி இருக்கைக்கு ஓடிப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

அப்பா நடைபாதைக்குப் போகவில்லை. பஸ்ஸும் பின்னால் நின்ற இரண்டு வண்டிகளும் கடந்ததும் நடுச்சாலையில் போய் நின்று, அடுத்துக் கிளம்பி வந்த காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். காரின் விளக்கு அவர் வெள்ளைச் சட்டை மேல் முழுதாக விழுந்தது. அது வேகம் குறைத்த மாதிரி தெரியவில்லை.

பஸ் முனையில் திரும்பிவிட்டது.